நாற்பது வரி மடல்

பங்குப் பேரவை என்னிடம் கேட்டது நாற்பது வரி.
வாழ்த்து மடல். பொன்னிற ஓரம், கண்ணாடிச் சட்டம்,
மார்த்தாண்டத்தில் கடைக்காரரிடம் முன்பணமும் கொடுத்தாயிற்று.
வள்ளவிளைக்காரன் ரெஜின் ததேயுவுக்குக்
கடற்படை பதக்கம் கொடுத்திருக்கிறது,
நீர்மூழ்கிக் கப்பலில் சிறந்த பணிக்கு.

என்ன பணி?

ஆள் விடுப்பில் வந்திருந்தான். கேட்டேன்.
பாராட்டுரைத் தாளை நீட்டினான்:
குறிப்பிட்ட ஒரு காலத்தில்
குறிப்பிட்ட ஒரு பகுதியில்
குறிப்பிட்ட ஒரு பொறுப்பை
மிகுந்த தொழில்திறத்துடன்.
முடிந்தது.

பதினேழு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன்.
தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு,
பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.
இடமும் காலமும் செயலும் சேர்ந்தே தோன்றாமல்
ஒரு வாக்கியம் விறைத்து நின்று சல்யூட் அடிப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

"கொஞ்சமாவது சொல்லு, எழுதணும்லா?"
சிரித்தான். தேநீர் குடித்தான்.
உறிஞ்சும் சத்தம் இல்லை.
டம்ளரை வைக்கும்போது முதலில் சுண்டுவிரல் தரையைத் தொட்டது,
அப்புறம்தான் எவர்சில்வர். பிறகு விரலை மெல்ல உருவிக்கொண்டான்.
நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு,
"பழகிப்போச்சு டீச்சர். கீழ ஒரு ஸ்பானர் விழுந்தா
எங்கேயோ ஒருத்தனுக்குக் காது நிமிரும்" என்றான்.

வீட்டுக்கு வந்து எழுதினேன்:
ஸ்பானர் விழவில்லை.
அடித்தேன்.
அலைகடல் ஆண்ட அரிமாவே என்று தொடங்கினேன்.
அதற்குத்தானே என்னைக் கேட்டார்கள்.

மறுநாள் தனிஸ்லாஸ் வந்தார்.
சுறாத் தூண்டிலில் முப்பது நாள் கிடந்துவிட்டு
கொச்சியில் படகைக் கட்டிப் பஸ் ஏறி வந்தவர்.
எட்டு வருடம் முன் சரக்குக் கப்பல் ஒன்று முட்டித் தம்பியைக் கொடுத்தவர்.
கப்பல் நிற்கவில்லை.
முட்டினதே தெரியவில்லையாம்,
கோர்ட்டில் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

உட்காரவில்லை. கேட்டார்:
"லேய் ரெஜினு, நாங்க மேல விளக்கும் போட்டுக் கெடக்கும்போ
நீங்க அடியில வாறது உண்டா?"

அவன் கையிலிருந்த முறுக்கைப் பார்த்தான்.

"சொல்லண்டாம். சரி. ஒறங்குற எட்டு பேரு
மேல கெடக்கான்னாவது கீழ தெரியுமா?"

அதற்கும் பதில் இல்லை.
எங்கோ யாரோ கோழியைத் துரத்தினார்கள்.
நான் ஏதாவது பேசியிருக்கலாம்.

எழுந்து செருப்பைத் தேடும்போது,
குறிப்பிட்ட ஒரு படகின்
குறிப்பிட்ட ஒரு வால்வு
இன்னும் தட்டுகிறதா என்று ரெஜின் கேட்டான்.
அவ்வளவுதான் கேட்டான்.
அந்தப் படகு இந்தக் கரைக்கு வந்ததே இல்லை.
அவன் அதைக் கண்ணால் கண்டதும் இல்லை.

தனிஸ்லாஸ் அப்போதுதான் உட்கார்ந்தார்.
வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.
தேநீர் ஆடை கட்டியது.

விழாவுக்கு ரெஜின் இல்லை. இடையில் அழைப்பு வந்து போய்விட்டான்.
எங்கே என்று அவன் மனைவி ஷைனிக்கும் தெரியாது.
அவள்தான் பொன்னாடையைக் கையில் வாங்கினாள்.
மைக் இரண்டு தடவை ஊளையிட்டது.
நாற்பது வரியையும் நானே வாசித்தேன்.
அரிமா வந்தது, வேங்கை வந்தது,
கைதட்டல் வந்தது. பொய் ஒன்றும் இல்லை,
உண்மையும் ஒன்றும் இல்லை.

தவக்காலத்தில் ஒரு நாள், கொச்சித் துறைமுகத்திலிருந்து
தனிஸ்லாஸ் போன் பண்ணினார். மகளின் மார்க் ஷீட் விஷயம்.
பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது:
மூன்று தட்டு, ஓர் இளைப்பு,
மூன்று தட்டு, ஓர் இளைப்பு.

"அண்ணே, அந்த வால்வை மாத்தல்லியா?"

"டீசல் கூடுதலாத்தான் குடிக்குது" என்றார்.
"கெடக்கட்டு டீச்சர்.
அடியில ஆளு உண்டும்லா."